ஓபிரையனில் உள்ள ‘ஓ’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குடும்பப் பெயர்கள் பற்றிய கட்டுரையில், ஓபிரையன் என்ற ஐரிஷ் பெயரின் முதலெழுத்து ‘ஆஃப்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம் என்று எழுதப்பட்டிருந்தது. ஏற்காட்டு விடுதிப் பள்ளியொன்றில் பல்லாண்டுகள் பணியாற்றி, வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரை நாள்தோறும் வாசித்தவன் என்ற முறையில் இதைத் திருத்த விரும்புகிறேன்.

அந்த ‘ஓ’ ஆங்கிலமே அன்று. ஐரிஷ் மொழியில் அது பேரனையும் அவன் வழிவந்தோரையும் குறிக்கும் தனிச்சொல். வேறு சில ஐரிஷ் பெயர்களின் முன்னால் வரும் ‘மாக்’ என்றால் மகன். 1014-இல் டப்ளினை அடுத்த கிளான்டார்ஃப் போரில், தம் படை வென்ற நாளிலேயே கொல்லப்பட்ட மன்னர் பிரையன் போருவின் பேரர் தலைமுறையினர் ஏற்ற பெயரே ஓபிரையன். சேலத்துப் பக்கம் இன்றும் மூத்த பேரனுக்குப் பாட்டனார் பெயரை வைத்துவிட்டு, மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று மருமகள் வேறு பெயரால் கூப்பிடும் வீடுகள் உண்டு. பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் பெயரன், பேச்சில் பேரன். நம்மிடம் பெயர் ஒரு தலைமுறை தாண்டித் தாவிக்கொண்டே போகிறது. அங்கே ஒரே பாட்டனாரின் பெயர் ஆயிரம் ஆண்டுகளாக நிலைத்துவிட்டது.

பிரையன் மன்னரின் ஆணையால்தான் அயர்லாந்தில் குடும்பப் பெயர்கள் தோன்றின என்று கட்டுரை கூறுவதும் பொருந்தாது. அவர் பிறக்கும் முன்பே, 916-இல் இறந்த கால்வே பகுதித் தலைவர் ஒருவர் ஓ கிளேரி என்ற பெயருடன் ஆண்டுக்குறிப்பில் இடம்பெற்றுள்ளார்.

ஐரிஷ் மொழியில் மகளுக்கு ‘ஓ’ வராது, ‘நீ’ என்றுதான் வரும். ஆங்கில வடிவில் இந்த வேறுபாடு அழிந்ததால், என் பதிவேட்டில் அண்ணனும் தங்கையும் ஓபிரையனாகவே இருந்தார்கள். அயர்லாந்தில் ஆங்கிலேயர் ஆட்சியின்போது பல குடும்பங்கள் ‘ஓ’வையும் ‘மாக்’கையும் உதறின. 1893-இல் ஐரிஷ் மொழியை வளர்க்கக் கேலிக் மொழிச் சங்கம் தோன்றிய காலத்தையொட்டி எழுந்த மொழியுணர்வில் சிலர் அவற்றை மீட்டுக்கொண்டார்கள், எல்லோரும் அல்லர். அயர்லாந்தில் மிகுதியாக வழங்கும் மர்ஃபி என்பது ‘கடற்போர் வீரன்’ எனப் பொருள்படும் பெயருடைய ஒருவரின் பேரனைக் குறித்த ‘ஓ முர்ஹூ’வே ஆயினும், அதன் ‘ஓ’ பெரும்பாலும் திரும்பவில்லை. அகரவரிசையில் ஓபிரையனுக்கு முன்னால் நான் வாசித்த மர்ஃபியும் பேரன்தான். அடையாளம் மட்டும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.