29ஆம் தேதி ஞோக்கி பற்றிய புகார்

பியூனஸ் அயர்ஸ், அர்ஜென்டினா
31 மே 2024

பெறுநர்: உணவகத்தின் புதிய நிர்வாகத்தினர்

பொருள்: "கையால் செய்த ஞோக்கி" (உருளைக்கிழங்கும் மைதாவும் சேர்த்துச் செய்யும் உருண்டை) என்று எழுதிப்போட்டுவிட்டு பாக்கெட் ஞோக்கி பரிமாறியது, ரொட்டியும் தண்ணீரும் தராமல் மேசைக் கட்டணம் வாங்கியது, பங்கிட்டுச் சாப்பிடுவதற்குத் தனிக் கட்டணம் போட்டது.

வணக்கம்.

நான் புவான் தெரு 480ஆம் எண் கட்டடத்தில், அதாவது ஒரு காலத்தில் சிகரெட் தொழிற்சாலையாக இருந்த எங்கள் தத்துவ, இலக்கியக் கல்லூரியில் படிக்கிறேன். ஆறு வருடங்களாக உங்கள் கடைக்கு வருகிறேன். கடை உங்கள் கைக்கு மாறி மூன்று மாதம்தான் ஆகிறது என்பதால் என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. பழைய உரிமையாளருக்குத் தெரியும். இரவு வகுப்பு முடிந்து 11 மணிக்கு நாங்கள் நாலைந்து பேர் உள்ளே நுழைந்தால், கேட்காமலே சுவரோரத்து இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போடுவார்.

முந்தாநாள் புதன்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் 29ஆம் தேதி ஞோக்கி சாப்பிடுவது இங்கே வழக்கம். வாசல் கரும்பலகையில் "இன்று 29. கையால் செய்த ஞோக்கி, தூக்கோ தக்காளி சாஸுடன்" என்று எழுதியிருந்தது. நான்கு பேர் உட்கார்ந்து நான்கு தட்டு கேட்டோம். வந்தவை எல்லாம் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவு. மென்றால் ரப்பராக இழுத்தது. என் தட்டில் சிலவற்றின் நடுப்பகுதி இன்னும் ஜில்லென்று இருந்தது. பரிமாறியவர்களைக் கேட்டதில், பாக்கெட்டில் உறைந்து வருவதுதான் என்று தெரிந்தது. உண்மையைச் சொன்னதற்காக அவர்களில் யாரையும் நீங்கள் கடிந்துகொள்ளக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். என் புகார் முழுக்க நிர்வாகத்தின் மேல்தான்.

கையால் செய்த ஞோக்கி எப்படி இருக்கும் என்பதை உங்கள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தே நான் தெரிந்துகொண்டேன். உருளைக்கிழங்கை வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மசித்து, மைதா மாவை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துச் சேர்ப்பார் அங்கிருந்த அம்மா. மாவு கூடினால் கல்லாகிவிடும், குறைந்தால் கொதிக்கிற தண்ணீரில் கரைந்துபோகும். கயிறாக உருட்டி, துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் முள்கரண்டியின் முதுகில் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி உருட்டிவிடுவார். அந்தக் கோடுகளில்தான் தூக்கோ பிடித்து நிற்கும். ஒன்று குண்டாக இருக்கும், ஒன்று ஒல்லியாக இருக்கும். எல்லாமே வாயில் வைத்ததும் உடையும். அந்த அம்மா இப்போது வேலையில் இல்லை. அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் ஆசை இருக்கிறது, அதை மறைக்கவும் விரும்பவில்லை.

29ஆம் தேதி எங்களுக்கு என்ன என்பது இந்த நாட்டில் கடை நடத்தும் உங்களுக்கும் தெரியும். மாதக் கடைசி, சம்பளம் இன்னும் வரவில்லை, வீட்டில் மிச்சம் இருப்பது கிழங்கும் மாவும். அதில் ஞோக்கி செய்து, தட்டுக்கு அடியில் ஒரு நோட்டை வைத்துச் சாப்பிட்டால் அடுத்த மாதம் கையில் காசு புழங்கும் என்பார்கள். நான் முதல் முறை வந்த 29ஆம் தேதி என்னிடம் வைக்க நோட்டு இல்லை. பழைய உரிமையாளர் கல்லாவிலிருந்து 10 பெசோ நோட்டு ஒன்றை எடுத்து என் தட்டுக்கு அடியில் வைத்தார். போகும்போது திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. போன வருடம் மட்டும் விலைவாசி 211.4 சதவீதம் ஏறிய நாட்டில் அந்த நோட்டுக்கு இன்று ஒரு மிட்டாய்கூடக் கிடைக்காது. இன்னும் என் பர்ஸில்தான் இருக்கிறது. புதன்கிழமையும் அதைத்தான் தட்டுக்கு அடியில் வைத்தேன். அதனால்தான் அந்த ரப்பர் உருண்டைகளை என்னால் சும்மா விட முடியவில்லை.

அப்புறம் பில். தலைக்கு 1,200 பெசோ குபியெர்த்தோ, அதாவது மேசைக் கட்டணம், நால்வருக்கு 4,800. ரொட்டிக் கூடை மேசைக்கு வரவே இல்லை. தண்ணீர் கேட்டதற்குப் பாட்டில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். குபியெர்த்தோ வாங்கும் கடை, ஒருவருக்கு 250 மில்லி குடிநீரும் ரொட்டியும் தர வேண்டும் என்று இந்த நகரத்தில் சட்டமே இருக்கிறது. விளம்பரத்தில் சொன்னது விற்பவரைக் கட்டுப்படுத்தும் என்று 24.240ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கரும்பலகையும் விளம்பரம்தான்.

இன்னொன்று, இதைவிட மனதுக்குக் கஷ்டமானது. ஏப்ரல் 23 அன்று பல்கலைக்கழக நிதிக்காக நடந்த பேரணிக்குப் போய்விட்டு, கால் வலிக்க எட்டுப் பேர் உங்கள் கடைக்கு வந்தோம். எப்போதும்போல மூன்று மிலனேசா நாப்பொலித்தானா கேட்டோம். தட்டை மறைக்கிற அளவு இறைச்சி, மேலே ஹாம், தக்காளி சாஸ், உருகிய சீஸ், பக்கத்தில் மலையாக வறுத்த உருளைக்கிழங்கு. ஒன்றை மூன்று பேர் தாராளமாகச் சாப்பிடலாம். பெயரில் நேப்பிள்ஸ் இருந்தாலும் அது இந்த ஊரில் பிறந்த பண்டம், பங்கிட்டுத் தின்பதற்கென்றே இவ்வளவு பெரிதாகச் செய்வது. ஆனால் அன்று, பங்கிட்டால் ஆளுக்குத் தனிக் கட்டணம் என்று மெனுவில் புதிதாக ஒரு வரி இருந்தது. எங்களில் இருவர் பசி இல்லை என்று சொல்லி எழுந்து போய்விட்டார்கள். அவர்களுக்குப் பசி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அன்றே எழுதியிருக்க வேண்டும், எழுதாமல் விட்டேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணத்தை 1949லேயே எடுத்துவிட்டார்கள், இன்றும் கட்டணம் இல்லை. பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் படிக்க வருகிறவர்கள் எங்களில் நிறையப் பேர். அறை வாடகையும் பஸ் காசும் போக மிச்சத்தில்தான் சாப்பாடு. உங்கள் மேசைகள் வார நாட்களில் நள்ளிரவு வரை நிறைந்திருந்தது இவர்களால்தான்.

விலையே ஏற்றாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எரிவாயு, இறைச்சி, வாடகை எல்லாம் எங்கே போய்விட்டது என்று எனக்கும் தெரியும். ஞோக்கிக்கு இன்னும் கொஞ்சம் கூடக் கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். பாக்கெட் என்றால் பாக்கெட் என்று எழுதுங்கள். நாங்கள் நால்வரும் கொடுத்த 4,800 பெசோவைத் திருப்பித் தாருங்கள். பங்கிடும் கட்டணத்தை மெனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். மாதத்தில் ஒரு நாள், அந்த 29 அன்றாவது, கிழங்கு உங்கள் அடுப்பிலேயே வேகட்டும்.

பில்லின் படத்தையும் கரும்பலகையின் படத்தையும் இணைத்திருக்கிறேன். ஜூன் 14க்குள் பதில் வராவிட்டால் நகரின் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுப்பேன். அந்த நிலைமை வர வேண்டாம் என்றுதான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

அடுத்த 29 சனிக்கிழமை வருகிறது. வகுப்பு கிடையாது, இருந்தாலும் நாங்கள் நால்வரும் வருவதாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
சுவரோரத்து மேசை வாடிக்கையாளர்