மல்டிமீட்டரில் 3 ஓம் காட்டினால் வாரன்டி ரத்தா?

அனுப்புநர்:
உங்கள் 500 வாட் பேஸ் காம்போ ஆம்ப் வாங்கியவர்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் தலைமை அதிகாரி.

பொருள்: தவறான இன்ஜினியர் ரிப்போர்ட்டை ரத்து செய்து, வாரன்டியில் பழுது நீக்கித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா, வணக்கம்.

போன் பண்ணி, மெயில் அனுப்பி, நேரிலும் வந்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். எப்போது கூப்பிட்டாலும் புதிதாக ஒருவர் எடுத்து, "உங்க பிராப்ளம் என்ன சார்?" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். முன்னால் பேசியவர் பதிந்துவைத்த புகாரை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதனால் எல்லாவற்றையும் எழுத்திலேயே தருகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் அந்தக் காம்போவின் பழுது இதுதான். வாசித்துக்கொண்டிருக்கும்போது சத்தம் திடீரென்று பாதியாக இறங்கும், சில நேரம் சுத்தமாக நின்றுவிடும். பேஸ் கிட்டாரின் ஈ தந்தியை ஓங்கி ஒரு அடி அடித்தால் திரும்பி வந்துவிடும். ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றால் எரியும் ப்ரொடெக்ட் விளக்கு எரிவதில்லை. ஃபேன் ஓடுகிறது. சூடும் கிடையாது. ஆம்ப் தயாரிக்கும் உங்களுக்கு இந்த இடத்திலேயே விஷயம் விளங்கியிருக்க வேண்டும்.

எனக்கு விளக்கியது உங்கள் ஆட்கள் அல்ல. நாகர்கோவிலில் சர்ச்சில் பேஸ் வாசிக்கும் அண்ணன் ஒருவர் போனில் கேட்டுவிட்டு உடனே சொன்னார்: "தம்பி, பின்னாடி எஃபெக்ட்ஸ் சென்ட்ல இருந்து ரிட்டர்னுக்கு ஒரு துண்டு கேபிள் போட்டுப் பாரு." போட்டேன். முழுச் சத்தம்! எஃபெக்ட் பெட்டிகளை இடையில் சேர்க்க, சிக்னல் வெளியே போகும் ஜாக் சென்ட், உள்ளே திரும்பும் ஜாக் ரிட்டர்ன். ரிட்டர்ன் ஜாக்கில் எதுவும் செருகாதபோது சிக்னல் அதன் உள்ளே இருக்கும் சின்னத் தகட்டு சுவிட்ச் வழியாகத்தான் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்குப் போகிறது. அந்தத் தகடு கறுத்துப்போனால் சிக்னல் விட்டு விட்டு வரும். பலமான அடியில் தகடு தொட்டுக்கொண்டால் திரும்ப வரும். தூத்துக்குடி, உவரி என்று உப்புக் காற்றில் வாசிப்பவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை என்றும் அவர் சொன்னார். இன்னும் உறுதி செய்ய, மிக்சருக்கு நேராகச் சிக்னல் தரும் டிஐ-யை ப்ரீ-யில், அதாவது அந்த ஜாக்குகளுக்கு முன்னாலேயே சிக்னல் எடுக்கும்படி, வைத்து மிக்சருக்குக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் சத்தம் நின்றபோதும் மிக்சருக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் கோளாறு கிட்டாரில் இல்லை.

இதை வரிக்கு வரி உங்கள் கால் சென்டரில் சொன்னேன். அவர்கள் பதிந்துகொண்டது "சவுண்ட் வரவில்லை" என்ற இரண்டே வார்த்தை.

அப்புறம் சென்னை சர்வீஸ் சென்டருக்கு நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். கூடுதலாக நான் இணைக்கும் ஸ்பீக்கர் பெட்டியான எக்ஸ்டென்ஷன் கேபினட்டும் வேண்டும் என்றார்கள். சரி என்று தங்கை மகனையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, இரண்டையும் பேஸ் கிட்டாரையும் பஸ்ஸில் ஏற்றி, 600 கிலோமீட்டருக்கு மேல் வந்தேன். விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கினால் ஆட்டோக்காரர் பெட்டிகளைப் பார்த்தே இரட்டை வாடகை கேட்டார். உங்கள் வாசலுக்கு வந்தால், "ஆப்ல புக் பண்ணாம நேர்ல வாங்க மாட்டோம்" என்றார்கள். நேரில் வரச் சொன்னதே நீங்கள்தானே? மத்தியானம் தாண்டும்வரை மாமனும் மருமகனும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் ஒருவர் வந்தார். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அவர் பெயரை இங்கே எழுதவில்லை, உங்கள் பதிவேட்டில் இருக்கும். பவர் கார்டைக்கூடச் செருகவில்லை. கிட்டாரை உறையிலிருந்து எடுத்து நீட்டினேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். உள் ஸ்பீக்கரையும் எக்ஸ்டென்ஷனையும் சேர்த்து மல்டிமீட்டரை வைத்தார். 3.1 ஓம் என்று காட்டியது. "ஆம்புக்கு மினிமம் 4 ஓம், நீங்க 3 ஓம் போட்டு ஓட்டியிருக்கீங்க. ஓவர்லோட். வாரன்டி கிடையாது" என்றார். ஓம் குறைந்தால் ஆம்புக்குச் சுமை கூடும் என்பது அவர் கணக்கு.

ஐயா, உள்ளே இருப்பது 8 ஓம் ஸ்பீக்கர். எக்ஸ்டென்ஷனும் 8 ஓம். இரண்டையும் பேரலலாகப் போட்டால் 4 ஓம். "மினிமம் 4 ஓம்" என்று ஆம்பின் முதுகில் அச்சடித்தது நீங்கள். எக்ஸ்டென்ஷன் ஜாக்கை வைத்ததும் நீங்கள். மல்டிமீட்டர் டிசி-யில் (நேர் மின்சாரத்தில்) ஸ்பீக்கருக்குள் சுற்றியிருக்கும் வாய்ஸ் காயிலின் கம்பித் தடையை மட்டும்தான் அளக்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 6 சுற்றித்தான் காட்டும், இரண்டு சேர்ந்தால் 3 சுற்றி. பாட்டு ஓடும்போது உள்ள இம்பீடன்ஸ், அதாவது மொத்த மின் எதிர்ப்பு, வேறு, அது அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். இதைப் பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் சொன்ன பதில்: "மிஷின் 3ன்னு காட்டுது, நீங்க 4ங்கிறீங்க. மிஷின் பொய் சொல்லுமா? பேஸ் வாசிக்கிறவருக்கு இவ்வளவு பேச்சா?"

தங்கை மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு பேஸ் கற்றுக்கொடுப்பதே நான்தான்.

அதன் பிறகு ஆம்பை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டு, நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தபின் டிரான்ஸ்போர்ட்டில் திருப்பி அனுப்பினீர்கள். கூடவே ரிப்போர்ட்: "தவறான லோடினால் பவர் போர்டு சேதம். மாற்ற 31,000 ரூபாய். ஆய்வுக் கட்டணம் 1,500 ரூபாய்." முன் கிரில்லில் ஒரு திருகாணியைக் காணோம். இடது மூலை நசுங்கி, மேலே ஒட்டியிருந்த கறுப்புத் துணி கிழிந்து பலகை தெரிகிறது. ரிட்டர்ன் ஜாக்கைக் கழற்றிய அடையாளமே இல்லை, அதன் நட்டில் படிந்த தூசி அப்படியே இருக்கிறது.

பவர் போர்டு சேதமாம். சேதமான போர்டு, நான் அந்தத் துண்டு கேபிளைச் செருகியதும் எப்படி முழுச் சத்தத்தில் முழங்குகிறது? வீடியோ எடுத்து இணைத்திருக்கிறேன். கேபிள் இல்லாமல் ஒரு முறை, கேபிளோடு ஒரு முறை, அதே பாட்டு, அதே வால்யூம்.

ஜெனரேட்டரில் ஓட்டினீர்களா என்று வேறு மெயிலில் கேட்கிறீர்கள். தென்மாவட்டத்துக் கோயில் கொடைகளில் ஜெனரேட்டர் இல்லாமல் எந்தக் குழு வாசிக்கிறது? உங்கள் ஆம்பின் பின்னால் 100–240 வோல்ட் என்று போட்டிருக்கிறது. அதே ஜெனரேட்டரில் ஓடிய கீபோர்டுக்கும் மிக்சருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆடிக் கொடை நேரம் முழுக்க என் ஆம்ப் உங்களிடம்தான் கிடந்தது. முந்திய கொடை ஒன்றில் பல்லவி நடுவிலேயே பேஸ் நின்று, பாடகர் திரும்பி என்னை முறைத்தார். விழாக் கமிட்டி பேசிய பணத்தில் பிடித்துக்கொண்டது. அப்புறம் வாடகைக்கு ஒரு கீபோர்டு ஆம்ப் எடுத்தேன். என்னுடையது ஐந்து தந்தி. பி தந்தி 31 ஹெர்ட்ஸ், அதைத் தொட்டாலே அந்தச் சின்ன ஸ்பீக்கர் கடகடவென்று உதறியது. கச்சேரி முழுக்க அந்தத் தந்தியைத் தொடாமலே வாசித்தேன். இப்போது குழுக்காரர்கள் வேறு ஆளைக் கூப்பிடுகிறார்கள். இத்தனை வருடம் வாசித்துச் சேர்த்த பெயர் ஒரே சீசனில் போய்விட்டது, என் பிழைப்பே நின்றுபோனது. ஆம்புக்குக் கொடுத்தது 78,000 ரூபாய், அதில் பாதி மனைவியின் நகையை அடகு வைத்தது. இந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதப் போகிறீர்கள்?

அந்த நீலச் சட்டைக்காரர் ஒரு நிமிடம் கிட்டாரைச் செருகிக் கேட்டிருந்தால் இதில் எதுவுமே நடந்திருக்காது. எனக்கு அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

உங்கள் கம்பெனி மேல் எனக்குப் பகை கிடையாது. அந்த ஆம்பின் சத்தம் பிடித்துத்தான் வாங்கினேன், என் பேச்சைக் கேட்டு வேறு சிலரும் வாங்கினார்கள். ஆகவே தாழ்மையுடன் கேட்கிறேன்: "ஓவர்லோட்" ரிப்போர்ட்டை எழுத்துமூலம் ரத்து செய்யுங்கள். ரிட்டர்ன் ஜாக்கை வாரன்டியில் புதிதாக மாற்றுங்கள், காண்டாக்ட் க்ளீனர் அடித்து அனுப்பினால் போதாது. நசுங்கிய மூலையையும் கிரில்லையும் சரிசெய்யுங்கள். 1,500 ரூபாயும் போக்குவரத்துச் செலவும் திரும்பத் தரவேண்டும். அந்த ஊழியர் என்னிடம் மன்னிப்பு கேட்க வேண்டும், தங்கை மகனிடமும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு போடுவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. உங்கள் ஆட்கள் சென்னையிலிருந்து இங்கே வரவேண்டியிருக்கும். அந்த மல்டிமீட்டரையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

அந்த அளவுக்குப் போகாமல் நீங்களே முடித்துவைப்பீர்கள் என்று நம்புகிறேன். பில், ரிப்போர்ட், வீடியோ மூன்றையும் இணைத்துள்ளேன். ஆம்பை இனி நான் தூக்கி வருவதாக இல்லை, வீட்டுக்கே ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வருகிறவரிடம் ரிட்டர்ன் ஜாக் என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
பாளையங்கோட்டை.