நீர்த்தேக்கத்தைக் கடக்க எங்களுக்கும் ஒரு பாதை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வுபெற்றவன். போன வருடம் மகளைப் பார்க்க நானும் மனைவியும் லண்டன் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தோம். அங்கே பார்த்த ஒரு விசயம் மனதை விட்டுப் போகவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

மகள் இருப்பது வூலிச்சில், தேம்ஸ் ஆற்றின் தென்கரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட்ஹாம் முருகன் கோயிலுக்குப் போய், அப்படியே முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாங்கி வரலாம் என்று கிளம்பினோம். கோயில் இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தில் போகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு காரில் இருந்தால், மருமகன் நேரே ஆற்றங்கரைக்கு ஓட்டிப்போய் லொறிகளுக்குப் பின்னால் வரிசையில் நிறுத்திவிட்டார். எதிரே ஒரு பெரிய படகு வந்து கரையில் முட்டி நின்றது, வாயைத் திறந்தது, உள்ளேயிருந்து கார், வேன், சீமெந்து லொறி, சைக்கிள் என்று ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. என் மனைவி மட்டக்களப்புப் பக்கத்து ஆள். பார்த்ததும் என் கையைப் பிடித்து, "இஞ்ச பாருங்க, எங்கட ஊர்ப் பாதையப் போல இரிக்கு" என்றாள்.

இலங்கையின் கிழக்கில், வாவியைக் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகிற மிதவைக்குப் பெயரே பாதைதான். குருமண்வெளியில் ஏறி மண்டூரில் இறங்குவார்கள், மண்டூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குச் சனம் அதில்தான் போகும். மண்முனையிலும் 2014இல் பாலம் வரும்வரை பாதைதான் ஓடியது. தோணி என்றோ கப்பல் என்றோ சொல்லாமல், தரையில் போகிற வீதி தண்ணீருக்கு மேலும் தொடர்ந்து போகிறது என்பதுபோல் அதற்குப் பாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாற்பது வருடம் இந்தச் சொல்லை மனைவி வாயால் கேட்டும் அதன் பொருள் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

மருமகன் காரோடு ஏற, நாங்கள் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று பேத்தியோடு நடந்து ஏறினோம். டிக்கெட் எங்கே எடுப்பது என்று கேட்டேன். டிக்கெட்டே கிடையாதாம். காருக்கும் இல்லை, லொறிக்கும் இல்லை, ஆளுக்கும் இல்லை. 150 பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்களாம். ஐந்து பத்து நிமிடத்துக்குள் அக்கரை வந்துவிட்டது. அதற்குள் மேற்கே வெள்ளித் தொப்பி கவிழ்த்ததுபோல் வரிசையாக ஏதோ மின்னியது, கடல் வெள்ளம் நகரத்துக்குள் ஏறாமல் தடுக்கக் கட்டி 1984இல் திறந்த தடுப்பணை என்று மகள் சொன்னாள். நம்ம ஊர் அணைக்கட்டு மாதிரியா என்று பேத்தி கேட்டாள். இல்லை, இது கடலை மறிக்கிறது, நம்முடையது ஆற்றை மறித்துக் கரண்ட் எடுக்கிறது என்றேன். அந்தப் பக்கத்துக் கரையில் பெரிய சீனி ஆலை ஒன்றும் தெரிந்தது. பேத்திக்கு ஆசை தீரவில்லை, மருமகனை அக்கரையில் காத்திருக்கச் சொல்லிவிட்டு இறங்கி, திரும்ப ஏறி, இன்னும் ஒரு தடவை போய் வந்தோம். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு அந்த ஆறு வேறு மாதிரியும் தெரிந்தது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் 1873இல் தன் லூல்கந்துரத் தோட்டத்திலிருந்து லண்டனுக்கு அனுப்பிய தேயிலை வெறும் 23 இறாத்தல். அதற்குப் பிறகு எத்தனை கோடி இறாத்தல்! 1998 வரைக்கும் லண்டனில் தேயிலை ஏலம் நடந்தது. என் அம்மாயியும் அவளுடைய அம்மாவும் கிள்ளிப்போட்ட கொழுந்து பெட்டி பெட்டியாக இந்த ஆற்றின் துறைமுகங்களுக்குத்தானே வந்திருக்கும் என்று நினைத்தபோது தொண்டை அடைத்துவிட்டது. மனைவி என்ன என்று கேட்டாள், காற்று என்றேன்.

வீட்டுக்கு வந்து, ஏன் காசு வாங்குவதில்லை என்று மருமகனிடம் கேட்டேன். அவர் சொன்ன கதையைத்தான் நம் வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1877இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, லண்டனில் பாலங்களைக் கடக்க வாங்கிய சுங்கத்தை நகர நிர்வாகம் வரிப்பணத்தில் ஈடு கொடுத்து நிறுத்தியது. ஆனால் பாலங்கள் எல்லாம் இருந்தது மேற்கே. கிழக்கே ஆலைகளிலும் துறைமுகத்திலும் வேலை செய்த சனம், நாங்களும்தானே வரி கட்டுகிறோம், மேற்கே உள்ளவன் சும்மா ஆற்றைக் கடக்கிறான், எங்களுக்கு என்ன வழி என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1885இல் அதற்கென்று சட்டம் வந்தது, 1889 மார்ச் 23ஆம் திகதி இலவசப் படகு ஓடத் தொடங்கியது. இன்றைக்கும் காசில்லாமல்தான் ஓடுகிறது.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் 1969இல் தண்ணீர் நிறைந்து பழைய மஸ்கெலியா டவுன் உள்ளே போனபோது எனக்குப் பத்து வயது. வரட்சிக் காலத்தில் தண்ணீர் வற்றினால் பழைய கோயிலும் விகாரையும் இன்னமும் வெளியே தலைகாட்டும், ஆட்கள் போட்டோ எடுக்க வருவார்கள். அந்தத் தண்ணீர் கெனியன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய என்று ஒவ்வொரு மின்நிலையமாக இறங்கி நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிறது. நல்லது, கொடுக்கட்டும். ஆனால் முன்பு நடந்து போன வழி தண்ணீருக்குள் போய்விட்டதே, அதற்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்தது என்ன? சுற்றிப் போகிற ரோட்டு. பஸ் கிடைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல், மண்சரிந்து ரோட்டு மூடினால் அதுவும் இல்லை. அதனால் சனம் வள்ளத்தில் கடக்கிறது.

நானும் அப்படித்தான் பாடசாலைக்குப் போனேன், பிறகு படிப்பிக்கவும் போனேன். பலகை வள்ளம், இடுக்குகளில் தார். ஓட்டிக்குப் பக்கத்தில் ஒரு பால்மா டின் கிடக்கும், ஏறும் தண்ணீரை அள்ளிக் கொட்டுவதற்கு. நடுவில் இருக்கிற பிள்ளைக்கு அந்த வேலை. வெள்ளைச் சட்டை நனையாமல் முன்னால் குனிந்து குனிந்து அள்ளுவார்கள். கைபிடிக்க ஒன்றும் இல்லை. மிதவைச் சட்டை என்று ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியாது. ஆனி, ஆடியில் பின்னேரமானால் காற்று மலையிலிருந்து இறங்கி அடிக்கும், வள்ளம் பக்கவாட்டில் ஆடும். அப்படி ஒரு பின்னேரம் என் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுக்குப் போகவில்லை. எட்டாம் வகுப்பு. அவனுடைய கணக்குக் கொப்பி திருத்துவதற்காக என்னிடம் இருந்தது, பல வருடம் வைத்திருந்தேன்.

இன்றும் பெரிய மாற்றம் இல்லை. சில இடங்களில் என்ஜின் பூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நுவரெலியா கிரகரி வாவிக்குப் போய்ப் பாருங்கள், பொழுதுபோக்குக்குப் படகு ஏறும் பயணிகளுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட்டுத்தான் படகை எடுக்கிறார்கள். அது சரியான வேலை, நான் குறை சொல்ல மாட்டேன். அதே சட்டை கொழுந்து எடுக்கப் போகிற பெண்ணுக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் வேண்டாமா? 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் தற்காலிகப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் செத்தார்களே, நாடே அழுததே. பாதை என்று பெயர் இருந்தால் மட்டும் போதாது, அதை வீதி மாதிரிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

நான் ஒரு அலுவலகத்தில் போய்க் கேட்டேன், தண்ணீர் எங்களுடையது இல்லை என்றார்கள். அடுத்த இடத்தில் கேட்டேன், தண்ணீர் எங்களுடையது, படகு எங்களுடையது இல்லை என்றார்கள். தோட்டத்தில் கேட்டால் இரண்டும் இல்லை.

கார் ஏற்றுகிற படகு நாங்கள் கேட்கவில்லை. சுற்றிவரக் கைபிடி உள்ள ஒரு போட், ஏறுகிற எல்லாருக்கும் மிதவைச் சட்டை, இத்தனை பேர்தான் என்று பக்கத்தில் பெயின்ட்டில் எழுதின எண்ணிக்கை, காற்று அடித்தால் நிறுத்துவதற்கு அதிகாரமும் மாதச் சம்பளமும் உள்ள ஓட்டி. பாடசாலை நேரத்திலும் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரும் நேரத்திலும் ஓடினால் போதும், பிள்ளைகளிடம் காசு வாங்கக் கூடாது.

அப்புறம் இன்னும் ஒன்று. வூலிச்சில் ஓடும் இரண்டு படகில் ஒன்றுக்குப் புகழ்பெற்ற பாடகி டேம் வேரா லின் பெயர். மற்றதற்கு பென் வுலகொட் என்று ஒரு பையனின் பெயர். அங்கே பழைய படகில் வேலை செய்தவன், 2011இல் கரையில் கட்டும் கயிறு இழுத்து ஆற்றில் விழுந்து இறந்தபோது வயது 19. 2019இல் புதுப் படகு வந்தபோது அதற்கு அவன் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுப் பேத்தி இது யார் தாத்தா என்று கேட்டபோது, மகள் சொல்ல நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு அந்தக் கணக்குக் கொப்பி ஞாபகம் வந்தது.

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்களின் பக்கங்களில் இப்படி வள்ளத்தில் கடக்கிறவர்கள் இருந்தால், எந்தக் கரையிலிருந்து எந்தக் கரைக்கு, ஒரு நாளைக்கு எத்தனை பேர், அதில் பிள்ளைகள் எத்தனை என்று தயவுசெய்து இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். நான் எங்கள் கரையில் எண்ணத் தொடங்கிவிட்டேன், ஆசிரியர் இடம் கொடுத்தால் அடுத்த மாதம் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
மஸ்கெலியா.