பயிற்சிக் கணக்குத் தொகுதியில் தவறான விடைகள்: நான்காவது முறையாக எழுதுகிறேன்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று ஒரே வரிதான் பதிலாக வந்தது. எதுவும் தீரவில்லை. தயவுசெய்து இதையாவது கடைசிவரை படியுங்கள்.

நீல அட்டைத் தொகுதி, எண்ணியல் பகுதி, நட்சத்திரம் போட்ட கணக்குகளில் ஆறாவது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். 1 முதல் 100 வரை எல்லா எண்களையும் பெருக்கினால் வரும் எண்ணின் கடைசியில் எத்தனை பூச்சியம்? உங்கள் விடைப் பகுதி 20 என்கிறது. சரியான விடை 24. ஐந்தின் மடங்குகள் 20 என்று எண்ணியதோடு உங்கள் தீர்வு நின்றுவிடுகிறது. 25, 50, 75, 100 ஆகிய நான்கிலும் இரண்டு ஐந்துகள் இருக்கின்றன. ஆக மொத்தம் 24 ஐந்துகள். ஒரு இரண்டையும் ஒரு ஐந்தையும் பெருக்கினால் 10, அதாவது கடைசியில் ஒரு பூச்சியம். இரண்டுகள் அதைவிட நிறையவே இருப்பதால் ஒவ்வொரு ஐந்துக்கும் ஒரு பூச்சியம் வந்துவிடும். அந்த நான்கு எண்களைப் பிள்ளை கவனிக்கிறதா என்று பார்க்கத்தான் இப்படி ஒரு கணக்கையே கொடுப்பார்கள். அதையே நீங்கள் தவறவிட்டிருக்கிறீர்கள்.

என் மகள் முதல் தடவையே 24 என்றுதான் போட்டிருந்தாள். புத்தகத்தைப் பார்த்துவிட்டு அதை அழித்தாள். எங்கே தப்பு செய்தோம் என்று ராத்திரி வெகுநேரம் தேடினாள். அச்சில் இருப்பது தப்பாக இருக்கும் என்று ஒரு குழந்தைக்கு எப்படித் தோன்றும்? அப்புறம் கணக்குப் போட்டியில் அதே மாதிரி ஒரு கணக்கு வந்தது, 50 வரைக்கும். விடை 12. தெரிவுகளில் 10, 12 இரண்டுமே இருந்தன. உங்கள் முறையை நம்பி 10-ஐக் குறித்துவிட்டு வந்தாள். அந்த ஒரு கணக்கால் அவளுடைய ஒரு வருட உழைப்பு மொத்தமும் வீணாகிவிட்டது. இனிமேல் கணக்கே வேண்டாம் என்கிறாள். இந்த நஷ்டத்தை எந்தப் பணத்தாலும் ஈடுகட்ட முடியாது.

உங்கள் ஊழியர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. தொலைபேசியில் முதலில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார், அவருக்கு நன்றி. ஆனால் மூன்றாவது அழைப்பில் பேசியவர் கணக்கை முழுவதும் கேட்கக்கூட இல்லை. "போட்டிக் கணக்குன்னா கஷ்டமாத்தான் இருக்கும் மேடம். பாப்பாவுக்குப் புரியலைன்னா எங்க அடிப்படை வகுப்புல சேர்த்து விடுங்க" என்றார். நான் 25, 50 என்று சொல்ல ஆரம்பித்ததும், "நீங்க கணக்கு டீச்சரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்புறம் எப்படிங்க எங்க நிபுணர் குழு தப்புன்னு சொல்றீங்க?" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். எண்ணத் தெரிந்த யாரும் சொல்லலாம். இதற்கு டீச்சராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சனிக்கிழமை நேரில் வந்தால் பாடப்பிரிவு ஆட்களைப் பார்க்கலாம் என்று சொன்னதே உங்கள் சேவை மையம்தான். அரை நாள் விடுப்பு போட்டு, மூன்று தொகுதிகளையும் தூக்கிக்கொண்டு வந்தேன். இரண்டு மணி நேரம் வரவேற்பறையில் உட்கார வைத்துவிட்டு, பாடப்பிரிவுக்குச் சனிக்கிழமை விடுமுறை என்றார்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அந்தத் தாள் எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. நான் கேட்காமலே மாற்றுப் பிரதி ஒன்று மட்டும் வந்து சேர்ந்தது. அதே அச்சு, அதே பக்கம், அதே 20.

இது ஒரு கணக்கோடு முடிகிற விஷயமும் இல்லை. 1 முதல் 100 வரை 2 ஆலோ 3 ஆலோ வகுபடும் எண்கள் எத்தனை என்ற கேள்விக்கு 50-ஐயும் 33-ஐயும் கூட்டி 83 என்று போட்டிருக்கிறீர்கள். 6-இன் மடங்குகள் 16 இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கழித்தால் 67. பகா எண் பட்டியலில் 91 இருக்கிறது. அது 7 பெருக்கல் 13. உட்கார்ந்து பார்க்கப் பார்க்க இன்னும் வருகிறது. என் மகள் மட்டுமா இதை வாங்கியிருப்பாள்? எத்தனை பிள்ளைகள் சரியான விடையை அழித்துவிட்டுத் தப்பை எழுதிக்கொண்டிருக்கிறார்களோ, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். மூன்று தொகுதிகளுக்கும் இணையச் சந்தாவுக்கும் கட்டிய முழுத் தொகையையும் திருப்பிக் கொடுங்கள். தவறான விடைகளைத் திருத்தி, வாங்கிய எல்லோருக்கும் அனுப்புங்கள். அந்த மூன்றாவது அழைப்பில் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், என்னிடம் இல்லை, என் மகளிடம். அழைப்புகளைப் பதிவு செய்வதாக நீங்களே ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறீர்கள். போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் நல்லபடியாக முடித்துக்கொடுத்தால் எனக்கும் மகிழ்ச்சிதான், சண்டை போடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் 15 நாட்களுக்குள் ஒரு மனிதர் கையெழுத்திட்ட பதில் வரவில்லையென்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். மகளின் நோட்டையும் எடுத்துப் போவேன். அழித்த 24 அதில் இன்னும் லேசாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
உங்கள் தொகுதியை நம்பி வாங்கிய ஒரு தாய்