முதலில் உன் இடுப்பு, மற்றதெல்லாம் அப்புறம்

அன்புள்ள வாலு,

உன் கடிதம் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பரீட்சை முடித்துவிட்டாள், அவர் வழக்கம்போல் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார். மற்ற கதையெல்லாம் அப்புறம். முதலில் உன் இடுப்பு.

“ஸ்கேனில் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கியிருக்கிறதாம், இனிமேல் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது, படுத்தே கிடக்கிறேன், இத்தோடு என் ஆட்டம் முடிந்தது” என்று எழுதியிருக்கிறாய். எழுதியது நீதானா என்று கையெழுத்தை மறுபடி பார்த்தேன். ஹாஸ்டல் மதிலில் முதலில் ஏறி, எனக்கும் கைகொடுத்துத் தூக்கிவிட்டவள் நீ. அந்த மதில் கதை இன்னும் உன் மகளுக்குத் தெரியாது. நீ எழுந்து நடமாடாவிட்டால் நானே அவளுக்கு விவரமாக ஒரு கடிதம் போட்டுவிடுவேன், சொல்லிவிட்டேன்.

வலி பொய் என்று சொல்ல வரவில்லை. இருமினால்கூடச் சுருக்கென்று குத்துகிறது என்று எழுதியிருக்கிறாயே, படிக்கும்போது எனக்கே உடம்பு கூசியது. ஆனால் “முடிந்தது” என்ற முடிவுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாயே, அதுதான் என்னைக் கலக்குகிறது.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒரு சேதி இருக்கிறது. சரியான பிறகு சேர்த்துச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். போன வருடம் என் இடது தோள் இறுகிப்போய்விட்டது. முதலில் ராத்திரி வலி. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவே முடியாது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கை தூக்க வராமல் போயிற்று. தலை பின்ன முடியவில்லை, முதுகுப் பக்கம் கொக்கி மாட்ட முடியவில்லை, மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுக்க அவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார்கள். காட்மேன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1934-இல் வைத்த பெயராம். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை வீங்கி, தடித்து, சுருங்கிவிடுகிறது. பெரும்பாலும் 40-லிருந்து 60 வயதுக்குள் வருகிறது, பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம், சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். வலிக்கும் காலம், இறுகும் காலம், இளகும் காலம் என்று 1 வருடம் முதல் 3 வருடம்வரைகூட இழுக்குமாம். கேட்டபோது எனக்கும் உன்னைப் போலத்தான் இருந்தது.

பிசியோதெரபிக்கு என்று முதலில் போன இடத்தைப் பற்றி நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. போனவுடன் படுக்கவைத்து, தோளில் பட்டைகளை ஒட்டி, கரண்ட் மிஷினைப் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள். மணி அடித்தால் கழற்றிவிட்டு “நாளைக்கு வாங்க” என்பார்கள். ஒரு நாளாவது என் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார்களா? இல்லை. அந்த மிஷினிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது, மறுக்கவில்லை. வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில், முதுகுத்தண்டில் ஒரு வாயில் மாதிரி அமைப்பு இருக்கிறது, தொடுதலும் அழுத்தமும் வந்து சேர்ந்தால் அங்கே வலிக்கு வழி குறுகும் என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் எழுதினார்கள். முழங்கையை இடித்துக்கொண்டால் உடனே தேய்க்கிறோமே, அதே சங்கதி. ஆனால் வலி மட்டுப்பட்ட அந்த நேரத்தில் மூட்டை அசைக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் மூட்டு எப்படி இளகும்? ஒத்தடமும் கரண்டும் மட்டும் வாங்கிவிட்டு “பிசியோதெரபி பார்த்தேன், கேட்கவில்லை” என்று சொல்லித் திரிபவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பிசியோதெரபியைப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் கட்சி.

அடுத்துப் போன இடத்தில் ஒரு சின்னப் பெண். நம் மகள்கள் வயதுதான் இருக்கும். மிஷின் பக்கமே போகவில்லை. எந்தப் பக்கம் படுக்கிறீர்கள், என்ன வேலை நின்றுபோயிருக்கிறது, எதை மறுபடி செய்ய ஆசை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னாள். வலது கை லேசாகப் போனது, இடது நகரவில்லை. என்னைத் தளர்வாக விடச் சொல்லி அவளே பிடித்துத் திருப்பினாள், அப்போதும் வரவில்லை. “நீங்கள் திருப்பினாலும் வரவில்லை, நான் திருப்பினாலும் வரவில்லை, அப்போ உறைதான் இறுகியிருக்கிறது. தசைநார் கிழிந்திருந்தால் நான் திருப்பும்போது கை வந்திருக்கும்” என்றாள். கையால் தொட்டு, திருப்பிப் பார்த்து, இவ்வளவையும் அவள் கண்டுபிடித்ததைப் பார்த்து எனக்கு அவள்மேல் அப்படி ஒரு மரியாதை வந்துவிட்டது.

அவள் சொல்லிக்கொடுத்தது எதுவும் பெரிய வித்தை இல்லை. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்டுவது, சுவரில் விரல்களால் ஏறுவது, குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நல்ல கையால் கெட்ட கையைத் தள்ளுவது, முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து இழுப்பது. வலி உச்சத்தில் இருந்த நாட்களில் அதிலும் பாதியைத்தான் செய்யவிட்டாள். அந்தக் கட்டத்தில் முரட்டுத்தனமாக இழுத்தால் மூட்டு இன்னும் கோபித்துக்கொள்ளுமாம். அவள் தந்த கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது: வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடு. பயிற்சியின்போது 3, 4 வரை போகலாம், பயப்படாதே. மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி. வரவில்லை என்றால் குறை, ஆனால் நிறுத்தாதே. அதுவரை வலி வந்தால் விட்டுவிட வேண்டும், அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய வேண்டும், இந்த இரண்டு வழிதான் உண்டு என்று ஊர் முழுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். நடுவில் இப்படி ஒரு வழி இருக்கிறது வாலு.

இப்போது நானே தலை பின்னிக்கொள்கிறேன். மேல் தட்டு டப்பாவும் நானேதான். முதுகுப் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் எட்டவில்லை, அதுவும் வரும் என்கிறாள்.

சரி, உன் ஸ்கேனுக்கு வருகிறேன். உன்னைப் பயமுறுத்தியது அந்தக் காகிதம்தானே? அமெரிக்காவில் இடுப்பு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், 1994-இல் வந்த ஆய்வு. அவர்களில் பாதிக்கும் மேல், 52 சதவீதம் பேருக்கு, ஓர் இடத்திலாவது ஜவ்வு பிதுங்கியிருந்தது. எல்லா ஜவ்வும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். வலியில்லாமல் ஓடியாடி வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்! நரை மாதிரி, சுருக்கம் மாதிரி, முதுகுக்குள்ளும் வயது தெரிகிறது. உன் வலிக்கு அந்தப் பிதுக்கம் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆளைப் பரிசோதிக்காமல் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதோடு, பிதுங்கிய ஜவ்வு தானாகவே சுருங்கிப்போவதும் அடிக்கடி நடப்பதுதான். இதை யாராவது உனக்குச் சொன்னார்களா?

இன்னொன்று. 1995-இல் ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி நகர ஊழியர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு 2 நாள் படுக்கை. ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாவது குழுவிடம், முடிந்த அளவு வழக்கமான வேலையைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்கள். சீக்கிரம் தேறியது அந்த மூன்றாவது குழு. மிகவும் மெதுவாகத் தேறியது படுத்திருந்தவர்கள். வலி வந்த முதல் நாட்களில் கடும் பயிற்சியும் வேண்டாம், படுக்கையும் வேண்டாம், நடமாடிக்கொண்டிரு என்பதுதான் அதில் நான் எடுத்துக்கொண்டது. நீயோ வாரக்கணக்கில் படுத்திருக்கிறாய். படுக்கப் படுக்கத் தசை இளைக்கும், இளைத்த தசை முதுகைத் தாங்காது, எழுந்தால் இன்னும் வலிக்கும், வலித்தால் மறுபடி படுப்பாய். திருடன் போன பிறகும் விடாமல் குரைக்கும் நாயைப் போல, காயம் ஆறிய பின்னும் நரம்பு கத்திக்கொண்டே இருப்பதுண்டு. கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, ஒன்றும் ஆகவில்லை என்று உடம்புக்குக் காட்டினால்தான் அது அடங்குகிறது. பயத்தில் அசையாமலே இருந்தால் அது எப்படித் தெரியவரும்?

வார்டனம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னேனா? முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார்கள். மறுநாளே எழுப்பி நிற்கவைத்துவிட்டார்களாம். “என்னையா? இந்தக் காலோடா?” என்று அந்தப் பிசியோதெரபிஸ்ட் பையனை நம்மைத் திட்டிய அதே குரலில் திட்டியிருக்கிறார்கள். அவன் அசரவில்லை. நான் போயிருந்தபோது காலை நீட்டித் தொடைத் தசையை இறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அவர்களுக்கு வரவே இல்லை. “தசையில் குறை இல்லைம்மா, மூட்டு வீங்கியிருப்பதால் நரம்பு அதற்கு உத்தரவு கொடுக்க மாட்டேன் என்கிறது” என்றான். வீக்கம் வடிவதும், அந்த உத்தரவைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பழக்குவதும்தான் வழியாம். அப்புறம் ஒரு விஷயத்தில் மட்டும் அவன் கோபப்பட்டதைப் பார்த்தேன். யாரோ பாசமாக முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்திருந்தார்கள். உடனே எடுத்துவிட்டான். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மடங்கின நிலையிலேயே இறுகிவிடும், அப்புறம் வாழ்நாளெல்லாம் நொண்டி நடக்க வேண்டும் என்றான். நம் வீடுகளில் அன்பு என்ற பெயரில் இப்படி எத்தனை தலையணை வைக்கிறோம்! உன் வீட்டிலும் இப்போது எல்லோரும் உனக்குத் தண்ணீர் டம்ளரைக்கூடப் படுக்கைக்கே கொண்டுவந்து தருகிறார்கள், இல்லையா? வேண்டாம் என்று சொல். நீயே போய் எடு.

பழைய காலத்தில் இளம்பிள்ளை வாதம் வந்த குழந்தைகளின் கைகால்களை மாதக்கணக்கில் கட்டையிலும் மாவுக்கட்டிலும் வைத்துக் கட்டிப்போடுவார்கள். ஆஸ்திரேலியாவில் எலிசபெத் கென்னி என்ற நர்ஸ் அதை எதிர்த்தார். கட்டை அவிழ்த்து, சூடான கம்பளித் துணியால் ஒத்தடம் கொடுத்து, தசைகளை அசைக்கப் பழக்கினார். மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவே இல்லை. 1940-இல் அமெரிக்கா போனார். 1942-இல் மினியாபொலிஸில் அவர் பெயரிலேயே ஒரு நிலையம் வந்தது. நோய் ஏன் வருகிறது என்று அவர் சொன்ன விளக்கம் எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டிப்போட்ட உடம்பு தேறாது என்பதை அந்தப் பெண்மணி அத்தனை பேரின் எதிர்ப்பிலும் பிடிவாதமாகச் செய்துகாட்டினார். படித்த நாளிலிருந்து எனக்கு அவர்மேல் ஒரு பிரியம்.

உனக்கு நான் பயிற்சி எழுதி அனுப்பப் போவதில்லை. சிலருக்குப் பின்னால் வளைந்தால் வலி குறையும், சிலருக்கு முன்னால் குனிந்தால் குறையும். அதைப் பரிசோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உன்னை அசைத்துப் பார்க்கிற, உன்னைக் கேள்வி கேட்கிற ஒரு பிசியோதெரபிஸ்டைத் தேடிப் போ. மிஷினை மாட்டிவிட்டு நகர்ந்தால் நீயும் நகர்ந்துவிடு. போகும்வரை, ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுந்து, அறைக்குள் சிறிது நட. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நட. காலுக்கு இறங்கும் வலி இருந்தால் கவனி: அது மேலே ஏறி இடுப்போடு நின்றால், இடுப்பில் சற்றுக் கூடினாலும் நல்ல அறிகுறி. வலி குறைந்த மறுநாளே பயிற்சியை மூட்டை கட்டிவைக்காதே. தசை வலுப்பெற 6 முதல் 12 வாரம் பிடிக்கும். நீ எதையும் பாதியில் விடுகிறவள் என்பதால் இதை அழுத்தி எழுதுகிறேன். தையல் வகுப்பை மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா?

இப்போது சொல்வதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. சிறுநீர் அல்லது மலம் கட்டுப்படாமல் போவது, சிறுநீர் வராமல் நிற்பது, தொடை இடுக்கிலும் உட்காரும் இடத்திலும் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் கால் நாளுக்கு நாள் பலவீனமாவது, இடுப்பு வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இந்தக் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு மருத்துவரிடம் போ. முதலில் சொன்ன நான்கில் ஏதாவது ஒன்று என்றாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும் சரி. அப்போது நடையும் பயிற்சியும் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

உன் கடிதத்தில் இவை எதையும் நீ எழுதவில்லை. இல்லாததால் எழுதவில்லையா, நான் பயந்துவிடுவேன் என்று எழுதவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நீண்ட பதிலுக்குக் காத்திருக்க மாட்டேன். தொடை இடுக்கோ உட்காரும் இடமோ மரத்துப்போகிறதா, பாதம் தூக்க வருகிறதா, இந்த இரண்டுக்கும் பதில் எழுதி உடனே போடு. பிசியோதெரபிஸ்டிடம் எந்தக் கிழமை போகிறாய் என்பதையும் சேர்த்து எழுது.

உன்,
நெட்டை