பொட்டம்மாவின் மிச்சக் கதை

அன்பு மகள் செல்விக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அங்கே வெயில் எப்படி? நேரத்துக்குச் சாப்பிடு.

நான் புலிக் கதை சொல்லி உன் பிள்ளையைப் பயங்காட்டுகிறேன் என்று அண்ணியிடம் சொன்னாயாம். என்னிடமே சொல்லியிருக்கலாம். பொகவந்தலாவைத் தேயிலை மலையில் இருந்துகொண்டு வேறு எந்தக் கதையைச் சொல்வது? மழை விட்ட மறுநாள் அவளே தண்ணீர்க் கான் ஓரச் சேற்றைக் குனிந்து பார்க்கிறாள். நகம் பதிந்திருந்தால் நாயாம், பதியாவிட்டால் சிறுத்தைப்புலியாம். மாமனுக்கே பாடம் நடத்துகிறாள்.

கதையில் பொட்டம்மா என்றொரு தாய்ப்புலி. பகலில் மேல்காட்டில் படுத்திருக்கும், இருட்டினால் தேயிலைக்குள் இறங்கும். நம்மைத் தேடி இல்லை, மரையையும் பன்றியையும் தேடி. ஆள் சத்தம் கேட்டால் அதுவே ஒதுங்கிவிடும். அதனால்தான் பொழுது சாய்ந்து மாமனோடு கடைக்குப் போனால் வழியெல்லாம் பாட்டு. பன்றிக்குக் கட்டும் கம்பிச் சுருக்கில் பொட்டம்மா மாட்டாமல் தப்புவதும் உண்டு. 2020இல் நல்லதண்ணிப் பக்கம் கறுப்புப் புலி சுருக்கில் மாட்டி, உடவளவைக்கு வைத்தியத்துக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லையே, அதை நினைத்துச் சேர்த்தது. போன கிழமை மரக்கறித் தோட்ட வேலியில் கம்பி வளையம் ஒன்றைக் கண்டு, தொடாமல் ஓடி வந்து சொன்னாள். எந்தக் கார்ட்டூன் அதைச் சொல்லிக் கொடுக்கும்? உன் பிள்ளையாயிற்றே, கெட்டிக்காரி.

ஒரு இடத்தில்தான் கதை நகர மாட்டேன் என்கிறது. பொட்டம்மா குட்டிகளைப் பாறை இடுக்கில் ஒளித்துவிட்டு இரைக்குப் போகிறது. "எப்போ வரும் அம்மாயி?" என்றாள். விடிந்ததும் வரும் என்றேன். "எத்தனை விடிஞ்சதும்?" என்கிறாள். தினமும் அங்கேதான் நிற்கிறோம்.

ஒப்பந்தம் தையோடு முடியும் என்று நீதான் சொன்னாய், அப்புறம் பேச்சே இல்லை. பணத்துக்காகக் கேட்கிறேன் என்று நினைக்காதே. அது மாதம் தவறாமல் வருகிறது, ஊரே உன்னைச் சொல்லிப் பெருமைப்படுகிறது. உடம்பைப் பார், நேரத்துக்குச் சாப்பிடு.

வெள்ளிக்கிழமை போன் எடுக்கும்போது, மிச்சக் கதையை நீயே அவளுக்குச் சொல்லிவிடு. குட்டிகளிடம் திரும்பி வருகிற இடத்திலிருந்து ஆரம்பித்தால் போதும், முன்கதை எல்லாம் அவளுக்குத் தெரியும். சொல்லுமுன் திகதியை நிச்சயம் பண்ணிக்கொள். விரல் மடக்கி எண்ணத் தெரிந்துவிட்டது அவளுக்கு.

அம்மா