நீ அந்தக் கமிட்டிக்குப் போ

அன்புள்ள தோழிக்கு,

சுங்கை சிப்புட்ல ஒரே மழை, மத்தபடி எல்லாரும் சுகம். உன் வாட்ஸ்அப் பார்த்தேன், வாய்ஸ் மெசேஜ்ல சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல, அதான் உட்கார்ந்து எழுதுறேன். ஆஸ்பத்திரி எத்திக்ஸ் கமிட்டிக்கு, அதான் வைத்தியத்துல எது சரின்னு குழப்பம் வந்தா உட்கார வச்சுப் பேசுற குழுவுக்கு, உன்னையும் கூப்பிட்டிருக்காங்க, "பெரிய டாக்டருங்க நடுவுல ரிட்டயர்ட் மிஸி, வெறும் நர்ஸ், நான் என்ன பேசப் போறேன்"னு கேட்டிருந்தே.

போடி. கண்டிப்பா போ.

அப்பா ஸ்ட்ரோக் வந்து ஐசியூல 11 நாள் கெடந்தது உனக்குத் தெரியும், எட்டாவது நாள் நடந்தத நான் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல. இதயம் நின்னுட்டா திரும்ப நெஞ்ச அமுக்க வேணாம்னு ஒரு படிவம் கொண்டு வந்தாங்க, எல்லாம் மலாய்ல. அம்மாவுக்குத் தெரிஞ்ச மலாய் கடையில சாமான் வாங்குற அளவுதான். தரை துடைக்க வந்த நம்ம பொண்ணு ஒண்ணு மாப்ப சுவத்துல சாய்ச்சு வச்சிட்டு அரைகுறையா சொல்லுச்சு, அம்மா கைநாட்டு வச்சாங்க, விரல்ல ஒட்டுன மைய முந்தானையில துடைச்சு துடைச்சு அந்த நீலக்கறை இன்னிக்கும் அந்தச் சேலையில இருக்கு. சாயங்காலம் அண்ணன் வந்து "அப்பாவ சாகடிக்கவா கைநாட்டு வச்சீங்க"ன்னு வார்டே அதிர கத்துனாரு. பக்கத்து வீட்டு மாமா குழாயோட கெடந்ததப் பார்த்துட்டு வந்த அன்னிக்கே அப்பா வீட்டு முன்னாடி அஞ்சடி நடையில உட்கார்ந்து "என்னை இப்படிக் கட்டிப் போட்டுறாதீங்க"ன்னு சொன்னாரு, அத கேட்டவ நான் ஒருத்திதான். என்கிட்ட யாரும் கேக்கல. அண்ணனும் நானும் பேசி ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த ஆஸ்பத்திரியிலயே ஒரு கமிட்டி இருந்துச்சுன்னு எனக்கு அதுக்கப்புறம்தான் தெரியும், எவ்வளவு அழுதேன் தெரியுமா.

அதுலேர்ந்து இதப் பத்தி தேடித் தேடிப் படிக்கிறேன். அமெரிக்காவுல சியாட்டல்ல 1960கள் ஆரம்பத்துல டயாலிசிஸ் மெஷின் ரொம்ப கம்மி, யாருக்குக் குடுக்குறதுன்னு முடிவு பண்ண 7 பேர் கமிட்டி, அதுல ஒரு பாதிரியார், வக்கீல், பேங்க் ஆளு, தொழிற்சங்கத் தலைவர், ஒரு வீட்டம்மா கூட. வருமானம், படிப்பு, எத்தன புள்ளைங்க, சர்ச்சுக்குப் போறாங்களான்னுலாம் பார்த்தாங்களாம். நம்ம ஊருல இன்னிக்கு சக்கரை வியாதி வந்து வாரம் மூணு தடவ டயாலிசிஸுக்குப் போற எத்தன பேர நமக்கே தெரியும், அப்படி ஒரு கமிட்டி முன்னாடி ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுன நம்ம ஜனம் நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சா வயிறு கலங்குது. 1972ல அமெரிக்க அரசாங்கமே செலவ ஏத்துக்கிட்டதுக்கப்புறம்தான் அந்தப் பொறுக்கி எடுக்கிற வேலை முடிஞ்சுச்சு.

அப்புறம் கேரன் ஆன் குயின்லன் கேஸ், மயக்கம் தெளியாமக் கெடந்த ஒரு இளம்பொண்ணோட வெண்டிலேட்டர, அதான் மூச்சு மெஷின, எடுக்கணும்னு அவ அப்பா கோர்ட்டுக்குப் போன கேஸ், 1976ல நியூ ஜெர்சி கோர்ட் தீர்ப்புலதான் ஆஸ்பத்திரி எத்திக்ஸ் கமிட்டிங்கிற பேச்சு பெருசா வந்துச்சு. வெண்டிலேட்டர எடுத்தப்புறமும் அந்தப் பொண்ணு 1985 வரைக்கும் உசிரோட இருந்துச்சுடி.

இந்தக் கமிட்டியால பிரயோஜனம் உண்டான்னு கேட்டியே. 2003ல 7 அமெரிக்க ஆஸ்பத்திரி ஐசியூல 551 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. எத்திக்ஸ் ஆளுங்க வந்து பேசுனதால சாவு கூடல, ஆனா கடைசியில பொழைக்காமப் போனவங்க மூச்சு மெஷின்லயும் ஐசியூலயும் கெடந்த நாள் கொறஞ்சுச்சு, குடும்பத்துக்காரங்க, டாக்டருங்க, நர்ஸுங்க பெரும்பாலும் உதவியா இருந்துச்சுன்னே சொல்லியிருக்காங்க. முடிவு எடுத்துக் குடுத்ததால இல்ல, உட்கார வச்சுப் பேசுனதாலதான்னு எனக்குத் தோணுது. எங்களுக்கு அந்த எட்டாவது நாள் இல்லாமப் போனது அதுதான்.

அதனால மொத மீட்டிங்லயே கேளு: கமிட்டிய யார் கூப்பிடலாம், டாக்டர் மட்டுமா, இல்ல ராத்திரி ஷிப்ட் மிஸியும் குடும்பமும் கூப்பிடலாமா. கூப்பிட்டா எத்தன மணி நேரத்துல வருவாங்க. மாசம் ஒரு தடவ கூடி பைல் பார்க்குற கமிட்டி எங்கப்பா மாதிரி ஆளுக்கு எதுக்கு, ஐசியூல நாளைக்குன்னு ஒண்ணு இல்லடி. கைநாட்டு வைக்கிற அம்மாவுக்கு அவங்க பாஷையில சொல்ல ஆள் வேணும்னு அடிச்சுப் பேசு, 30 வருஷம் வார்டுல நின்னவ நீ, இத டாக்டருங்கள விட உனக்கு நல்லாத் தெரியும்.

அம்மா பக்கத்துல உட்கார்ந்து யாருக்கு எழுதுறேன்னு கேட்டாங்க, சொன்னேன். அவ போவாளான்னு கேக்குறாங்க. மீட்டிங் முடிஞ்சதும் போன் பண்ணு, ராத்திரி எந்நேரமானாலும் சரி.

உன் தோழி